கூகுள் எர்த் ப்ரோ: நிலத்தோற்றம் படிக்க எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘நிலக்கோளம்’ இரண்டு பாடமாக வருகிறது. முதலாவது புவியின் அகச்செயல்முறை, அடுத்தது புறச்செயல்முறை. வண்டல் விசிறி, குதிரைக் குளம்பு ஏரி, பர்கான், சர்க், மொரைன் என்று பெயர்கள் வரிசைகட்டும். பக்கத்தில் ஒரு கோட்டோவியம் இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இதே பட்டியலைத்தான் உருப்போடுகிறார்கள். அந்தப் பெயர்களை நிஜ இடங்களில் வைத்துப் பார்க்க, காசில்லாமல் கிடைக்கிற கருவிகளில் கூகுள் எர்த் ப்ரோவுக்கு ஈடு இல்லை. இதில் குறை சொல்ல நிறைய இருக்கிறது, கீழே சொல்லியும் இருக்கிறது. ஆனாலும் முதல் பரிந்துரை இதுதான்.

பெரும்பாலோர் இதை வைத்து எவரெஸ்டைச் சுற்றிப் பறக்கிறார்கள், தங்கள் வீட்டு மொட்டைமாடியைத் தேடுகிறார்கள், அத்தோடு மூடிவிடுகிறார்கள். ஒரு நிலத்தோற்றம் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல இந்த மென்பொருளில் இரண்டே வசதிகள்தான் உதவும்: உயரக் குறுக்குவெட்டு, காலப் பட்டை. மற்றதெல்லாம் திருவிழா ராட்டினம் மாதிரி, சுற்றிப் பார்க்க நன்றாக இருக்கும்.

எந்தப் பதிப்பு

மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: உலாவியில் திறக்கும் இணையப் பதிப்பு, கைபேசிச் செயலி, கணினியில் நிறுவும் ப்ரோ. ப்ரோ ஒருகாலத்தில் ஆண்டுக்கு 399 டாலர் சந்தா கேட்டது. 2015 ஜனவரியிலிருந்து இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 4 ஜி.பி. ராம் உள்ள பழைய பள்ளிக் கணினியே போதும், இணைய இணைப்பு மட்டும் வேண்டும். ஒருமுறை திறந்து பார்த்த இடங்கள் கொஞ்ச காலம் கணினியிலேயே தங்கும் என்பதால், வகுப்புக்கு முந்தைய நாள் காட்ட வேண்டிய இடங்களையெல்லாம் ஒரு சுற்று திறந்துவிட்டால் மறுநாள் இணையம் தள்ளாடினாலும் சமாளிக்கலாம்.

அளவெடுக்க ப்ரோ. நாற்பது ஆண்டு மாற்றத்தைச் சினிமாப் படம் போல ஓடவிட்டுப் பார்க்க இணையப் பதிப்பின் டைம்லாப்ஸ். இரண்டும் வேண்டும். கைபேசிச் செயலியை இந்த வேலைக்கு மறந்துவிடலாம்; விரல் நுனியால் ஆற்றின் அகலத்தை அளக்க முடியாது.

நிறுவியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ஷன்ஸ்’, அதில் ‘3டி வியூ’ பக்கம். அங்கே ‘எலிவேஷன் எக்ஸாஜரேஷன்’ என்றொரு கட்டம் இருக்கும், 0.01 முதல் 3 வரை எண் ஏற்கும். அதை 1 என்று வையுங்கள். 3 என்று வைத்தால் மலை மூன்று மடங்கு உயரமாக நிற்கும். படம் பிரமாதமாக இருக்கும், ஆனால் 10 பாகைச் சரிவு கிட்டத்தட்ட 28 பாகையாகத் தெரியும். கவிழ்த்த கேடயம் போல மெல்லச் சாய்ந்த சாதுவான ஒரு கேடய எரிமலை, கூம்பு எரிமலையான ஃபூஜி மலையின் வேஷம் போடும். யூடியூபில் வரும் பல ‘நிலவியல்’ காணொளிகளில் மலைகள் ஊசி ஊசியாக நிற்பதற்கு இதுதான் காரணம். டெல்டா, வெள்ளச் சமவெளி போன்ற தட்டையான இடங்களில் மட்டும், வேண்டுமென்றே 3 வைத்துப் பார்த்துவிட்டு மறக்காமல் திரும்ப 1-க்கு வாருங்கள்.

பார்வை சாய்ந்து திசை மாறிவிட்டால் ஆர் விசையை அழுத்துங்கள். வடக்கு மேலே, பார்வை நேர் கீழே என்று திரும்பிவிடும். அளவெடுக்கும்போது எப்போதும் இந்த நிலையில்தான் இருக்க வேண்டும்.

உயரக் குறுக்குவெட்டு

‘ஆட் பாத்’ பொத்தானை அழுத்தி ஒரு கோடு போடுங்கள், பெயர் கொடுத்துச் சேமியுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பெயர் மேல் வலச்சொடுக்கு, ‘ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல்’. திரையின் அடியில் வரைபடம் விரியும். அதன் மேல் சுட்டியை நகர்த்தினால் மேலே நிலப்பரப்பில் ஓர் அம்பு கூடவே நகரும். வரைபடத்தின் ஒரு பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்தால் அந்தத் துண்டின் சராசரிச் சரிவு தனியாக வரும். பலருக்குத் தெரியாத வசதி இதுதான், உண்மையான பயனும் இதில்தான்.

இரண்டு பொறிகள் உண்டு. சரிவு இங்கே பாகையில் வராது, விழுக்காட்டில் வரும். 100 விழுக்காடு என்றால் செங்குத்து என்று நினைக்கிறார்கள். அது வெறும் 45 பாகை. 7 விழுக்காடு ஏறத்தாழ 4 பாகை, 18 என்றால் 10 பாகை, 58 என்றால் 30, 67 என்றால் 34. இந்த நான்கு எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பொறி இன்னும் மோசம். வரைபடம் தனக்குக் கிடைத்த உயரம் முழுவதையும் நிரப்பும்படி தானே நீண்டுகொள்ளும். கல்லணையில் தொடங்கிப் பூம்புகார் வரை ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். சுமார் 120 கிலோமீட்டர். காவிரி டெல்டா கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவில்தான் கடலை நோக்கிச் சாய்கிறது. ஆனால் திரையில் தெரிவது இடமிருந்து வலமாக இறங்கும் பல்வரிசை மலைத்தொடர்! ஒவ்வொரு பல்லும் என்ன என்று அம்பை நகர்த்திப் பார்த்தால் தென்னந்தோப்பு, ஊர், மேட்டுச்சாலை, மூங்கில் புதர். உலகின் பெரும்பகுதிக்கு இந்த மென்பொருள் பயன்படுத்தும் உயரத் தரவின் அடித்தளம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாளில் ராடாரால் எடுத்த அளவீடு. அந்த ராடார் அலை மரத்தலையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும். மண்ணைத் தொடுவது வெட்டவெளியில்தான். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளியிலும் சில மீட்டர் பிசகு. மொத்தச் சரிவே அறுபது, எழுபது மீட்டர் இருக்கும் டெல்டாவில் பத்து மீட்டர் தென்னை எப்படிக் காட்சியளிக்கும் என்று யோசியுங்கள். ஆகவே தட்டை நிலத்தில் குறுக்குவெட்டின் ஏற்ற இறக்கங்களை நம்பாதீர்கள். இரு முனைகளின் உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்துச் சராசரியை மட்டும் எடுங்கள்.

மலையில் இந்தக் கருவி அபாரமாக வேலை செய்யும். ஹவாயில் ஹிலோ கடற்கரையிலிருந்து மவுனா லோவா உச்சி வரை ஒரு கோடு. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில் 4,169 மீட்டர் ஏற்றம், சராசரி 7 விழுக்காடு. அதாவது 4 பாகை. அடுத்து ஜப்பானின் ஃபூஜி, 3,776 மீட்டர். அடிவாரத்தில் மெதுவாகத் தொடங்கும் சரிவு மேலே போகப்போக எகிறி, உச்சியை ஒட்டி 30 பாகையைத் தாண்டும். கவிழ்த்த கேடயமும் கூம்பும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும், வேறு விளக்கமே வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு நீர்த்து ஓடிக் கேடயமாகும், சிலிக்கா கூடிய ஆண்டசைட் பாகாய்த் தேங்கிக் கூம்பாகும் என்று குறிப்புப் புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஃபூஜி பெரும்பாலும் பசால்ட்தான். அதன் கூம்பு வடிவத்துக்குக் குழம்பின் வேதியியல் மட்டும் காரணமாக முடியாது. வாயிலிருந்து வெடித்துத் தெறித்த சாம்பலும் கசடும் வாயைச் சுற்றியே குவிந்து, இடையிடையே ஓடிய குழம்பு அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தியது. தளர்வான கசடு எந்தச் சாய்வில் நிற்குமோ அந்தச் சாய்வுதான் உச்சியில் நீங்கள் அளந்த 30 சொச்சம் பாகை. தேர்வில் ஒரு வரியை எழுதுங்கள், வகுப்பில் இதையும் சொல்லுங்கள்.

குறுக்குவெட்டுக்கு மிகச் சிறந்த பயிற்சி இடம் என்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவின் டெத் வேலி. மரம் இல்லை, வீடு இல்லை, ராடார் நேராகப் பாறையையும் சரளையையும் தொட்டிருக்கிறது. ‘பேட்வாட்டர்’ என்று தேடுங்கள். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மலை வாயிலிலும் ஒரு வண்டல் விசிறி விரிந்திருக்கும். ஏதாவது ஒரு விசிறியில் மலை வாயிலிலிருந்து உப்புத்தரை வரை கோடு போட்டு, மேல் துண்டு, நடுத் துண்டு, கீழ்த் துண்டு மூன்றின் சரிவையும் தனித்தனியாகக் குறியுங்கள். மேலே அதிகம், கீழே போகப்போகக் குறையும். மலைக்குள் ஒடுங்கி வந்த வெள்ளம் வெளியே வந்ததும் பரந்து ஆழம் இழக்கிறது, பாதி நீர் சரளைக்குள் இறங்கிவிடுகிறது, சுமக்கும் பலம் போகிறது. பெரிய கல்லை முதலில் போடும், மணலைக் கடைசியில். பெரிய கல் நிற்கும் இடத்தில் சாய்வு செங்குத்து, மணல் நிற்கும் இடத்தில் மட்டம். ஓடை தான் போட்ட மேட்டிலேயே தடுக்கி அடுத்த வெள்ளத்தில் வேறு பக்கம் திரும்பும். அப்படித் திரும்பித் திரும்பித்தான் அரைவட்ட விசிறி ஆகிறது. பழைய, கைவிடப்பட்ட பகுதிகள் கறுத்தும் புதிய ஓடைகள் வெளுத்தும் இருப்பது படத்திலேயே தெரியும்.

இனி இரண்டு கரைகளையும் ஒப்பிடுங்கள். மேற்கே பனமின்ட் மலையடியில் விசிறிகள் மிகப் பெரியவை, ஒன்றோடொன்று கைகோத்து ஒரே சாய்தளமாகிவிட்டன. கிழக்கே பிளாக் மலையடியில் இருப்பவை குட்டையானவை, செங்குத்தானவை, தனித்தனியானவை. மழை வேறுபாடு என்று சொல்லத் தோன்றும். முக்கியக் காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. கிழக்கு மலையை ஒட்டி ஓடும் பிளவில் பள்ளத்தாக்குத் தரை இறங்கிக்கொண்டே போகிறது. தரை முழுவதும் கிழக்கே சாய்கிறது. கிழக்கு விசிறிகள் வளர வளர அவற்றின் கால் புதைகிறது, மேற்கு விசிறிகள் சாய்வில் நீண்டுகொண்டே போகின்றன. உப்புத்தரை நடுவில் இல்லாமல் கிழக்கு ஓரமாக ஒதுங்கிக் கிடப்பதும் அதனால்தான். அகச்செயல்முறையும் புறச்செயல்முறையும் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயம். இந்தத் திரையில் ஒரே படம்.

காலப் பட்டை

மேல் பட்டையில் கடிகாரச் சின்னத்தை அழுத்தினால் பழைய படங்கள் வரிசையாக வரும். இணையப் பதிப்பின் டைம்லாப்ஸ் 1984-இலிருந்து ஆண்டுக்கு ஒரு படம் என்று லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைக் கோத்து ஓட்டுகிறது. இரண்டும் வேறு வேறு வேலைக்கு. டைம்லாப்ஸில் நீண்ட காலம் கிடைக்கும், நுணுக்கம் கிடைக்காது. அதன் பழைய படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர், அதாவது நம் ஊர் ஆறுகள் பலவும் அதில் நான்கைந்து புள்ளி அகலம்தான். ப்ரோவின் பழைய படங்களில் நுணுக்கம் உண்டு, ஆனால் பெரும்பாலான இடங்களுக்கு இருபது சொச்சம் ஆண்டுக்குத்தான் தெளிவாக இருக்கும், இடையில் ஓட்டைகளும் இருக்கும்.

ஆற்று வளைவு எப்படிக் குதிரைக் குளம்பு ஏரியாகிறது என்பதைக் காட்ட பெருவின் உக்காயாலி ஆற்றைவிட நல்ல இடம் கிடையாது. டைம்லாப்ஸில் ‘புக்கால்பா’ என்று தேடி, கொஞ்சம் தெற்கே நகர்ந்து, ஓடவிடுங்கள். ஆறு பாம்பு போல நெளிவது உவமை என்றுதான் இதுவரை நினைத்திருப்போம். வளைவின் வெளிக்கரையில் நீர் வேகம், அங்கே கரை அறுபடுகிறது. உள்கரையில் வேகம் குறைவு, அங்கே மணல் படிகிறது. அறுத்ததும் படிந்ததும் ஏறக்குறைய ஈடாவதால் ஆற்றின் அகலம் பெரிதாக மாறாமல் வளைவு மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது. அடுத்தடுத்த இரு வளைவுகளின் கழுத்து மெலிந்து, ஒரு வெள்ளத்தில் அறுந்து, ஆறு குறுக்கே பாய்ந்துவிடும். 1997-இல் மசிசேயா அருகே அறுந்த கழுத்து பல பத்து கிலோமீட்டர் சுற்றை ஒரேயடியாகக் கழித்துவிட்டது. டைம்லாப்ஸை அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் நிறுத்திப் பார்த்தால், கைவிடப்பட்ட வளைவின் இரண்டு வாயும் முதலில் மணலால் அடைபடுவதையும், நடுவில் நீர் தேங்கி நிறம் மாறுவதையும் பார்க்கலாம். ஆற்று நீர் வண்டலால் பழுப்பு, ஏரி நீர் வண்டல் அடங்கிக் கறுப்பு. நிறத்தை வைத்தே எது உயிருள்ள வளைவு, எது செத்த வளைவு என்று பிரிக்கலாம்.

அடுத்து ப்ரோவுக்கு மாறி, அதே இடத்தில் உள்கரையை நெருங்கிப் பாருங்கள். கைரேகை போல வளைந்த வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு காலத்தில் கரையாக இருந்த மணல்மேடு. ஆற்றோரம் வெறும் மணல், அடுத்து புல், அடுத்து குட்டை மரம், அப்புறம் அடர்காடு. மரத்தின் வயதுதான் மணலின் வயது.

ப்ரோவின் ‘ரூலர்’ என்ற அளவுகோல் கருவியைக் கொண்டு ஒரு கணக்கும் போடலாம். ஆற்றின் அகலத்தை அளந்து, ஒரு முழு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான நேர்த்தூரத்தை அந்த அகலத்தால் வகுத்தால் பொதுவாக 10 முதல் 14 வரை வரும். ஓடை ஆனாலும் அமேசான் ஆனாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. தப்பு நடப்பது அகலத்தை அளக்கும் இடத்தில்: வளைவின் முனையில் அளக்காதீர்கள், அங்கே மணல்திட்டு அகலத்தைக் கெடுத்துவிடும். ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்கு ஆறு கடக்கும் நேரான துண்டில் அளக்க வேண்டும்.

டெல்டா பிறப்பதைப் பார்க்க லூசியானாவின் வாக்ஸ் லேக். அச்சஃபலாயா ஆற்று வெள்ளத்தை மார்கன் சிட்டி ஊரிலிருந்து திசைதிருப்ப 1942-இல் பொறியாளர்கள் ஒரு வெட்டாறு வெட்டினார்கள். முப்பது ஆண்டு அதன் வாயில் வண்டல் நீருக்கு அடியில் குவிந்தது. 1973 வெள்ளத்துக்குப் பிறகு தலை காட்டியது. டைம்லாப்ஸ் 1984-இல் தொடங்கும்போது அது சில தீவுகள்தான். ஓட ஓட ஒரு விசிறி விரிகிறது. கால்வாய் பிளக்கும் இடத்தில் நடுத்திட்டு, அது கால்வாயை இரண்டாக்குகிறது, அந்த இரண்டின் வாயிலும் மறுபடி திட்டு. கிழக்கே கொஞ்சம் நகர்ந்தால் மிசிசிப்பியின் பறவைக்கால் டெல்டா அதே நாற்பது ஆண்டில் கடலுக்குள் கரைந்துகொண்டிருப்பதும் தெரியும். ஒரே கடற்கரையில் ஒன்று வளர்கிறது, ஒன்று தேய்கிறது. வண்டல் வரவு, தரை அமிழும் வேகம், இந்த இரண்டின் கழித்தல் கணக்குதான் டெல்டா என்பதை வேறெங்கும் இவ்வளவு கண்கூடாகக் காட்ட முடியாது.

இங்கேதான் மிக அதிகம் பேர் சறுக்கும் இடம். இரண்டு தேதிப் படங்களை வைத்துக்கொண்டு ‘கடல் இவ்வளவு உள்ளே வந்துவிட்டது’, ‘ஆற்றில் இத்தனை திட்டு புதிதாக வந்திருக்கிறது’ என்று முடிவு கட்டுவார்கள். ஒன்று கடல் ஏறியிருந்த ஓதத்தில் எடுத்த படம், மற்றது கடல் இறங்கியிருந்த வற்றத்தில் எடுத்தது. தட்டையான கடற்கரையில் ஒரு மீட்டர் ஓத வேறுபாடே கரைக்கோட்டை நூறு மீட்டர் நகர்த்திக் காட்டும். திருவரங்கத்தைச் சுற்றிக் காவிரியையும் கொள்ளிடத்தையும் பாருங்கள்: மே மாதப் படத்தில் ஆறு முழுக்க மணல்திட்டு, மேட்டூர் அணை திறந்து ஆறு நிறைந்து ஓடும் ஆகஸ்டில் எடுத்ததில் ஒன்றையும் காணோம். திட்டு அழிந்துவிடவில்லை, முழுகியிருக்கிறது. வெவ்வேறு ஆண்டானாலும் ஒரே மாதத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். புல்லும் கருவேலமும் முளைத்த திட்டு நிலைத்த திட்டு. வெற்று மணல் அடுத்த வெள்ளத்தில் இடம் மாறலாம்.

படத்தின் தேதி திரையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரே திரையில் வெவ்வேறு தேதிப் படங்கள் ஒட்டுப்போட்டு நிற்கும் என்பதால், சுட்டியை நகர்த்தும்போது அந்தத் தேதி மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஆறு திடீரென்று நேர்கோட்டில் நிறம் மாறினால் அது நிலவியல் அல்ல, தையல்.

இன்னொன்று: பழைய படமும் புதிய படமும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று உட்காராது, சில மீட்டர் விலகியிருக்கும். மணற்குன்று நகர்வை அளக்கும் முன், நகராத ஒன்றை, கோயில் குளத்தின் மூலையோ சாலைச் சந்திப்போ, இரண்டு படத்திலும் குறித்து எவ்வளவு விலகல் என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வரும் பத்து மீட்டருக்குக் குறைவான எந்த ‘நகர்வும்’ குப்பை.

பெருவின் லா ஹோயா பாலைவனத்துப் பர்கான் மணற்குன்றுகளில் இதைச் செய்து பார்க்கலாம். பிறை வடிவம், கொம்புகள் காற்று போகும் திசையில் நீண்டிருக்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே தெரிந்துவிடும். ஆண்டுக்கு 10 முதல் 30 மீட்டர் நகர்பவை இவை. சிறிய குன்று வேகமாகப் போகும், பெரியது நிதானமாக. சரியும் முகத்தின் சாய்வு 32 முதல் 34 பாகை என்பது மணலின் இயல்பு, ஆனால் அதை இங்கே குறுக்குவெட்டு போட்டு அளக்க முயலாதீர்கள். நாலைந்து மீட்டர் உயரக் குன்று 30 மீட்டர் புள்ளிக்குள் கரைந்து, வரைபடத்தில் வெறும் தரையாகத்தான் வரும். பர்கானைப் படத்தின் நிழலை வைத்துப் படியுங்கள், உயரத் தரவை வைத்து அல்ல. தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியிலும் இதே கதைதான். மேலிருந்து அந்தச் செம்மண்ணின் நிறம் தப்பாது, மேடு பள்ளம் தப்பிவிடும்.

பிளவுப் பெயர்ச்சிக்கு ஒரு இடம்

அகச்செயல்முறைகளை இந்த மென்பொருள் காட்டுவது பொதுவாகவே குறைவு. புவித்தட்டு நகர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்; நாற்பது ஆண்டுப் படத்தில் என்ன தெரியும்? எரிமலைத் தீவுகள் ஒரு விதிவிலக்கு. டோங்காவில் 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் சாம்பல் கக்கி இரண்டு தீவுகளை ஒட்டவைத்து எழுந்த ஹுங்கா டோங்கா, 2022 ஜனவரி 15 வெடிப்பில் நடுப்பகுதி காணாமல் போனது. பிறப்பும் இறப்பும் காலப் பட்டையில் ஏழே ஆண்டுக்குள் இருக்கிறது.

ஆனால் பிளவுக்கு வாலஸ் கிரீக் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கரிசோ சமவெளியில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைக் கடக்கும் ஒரு வறண்ட ஓடை. தேடிப்போய், நேர் கீழ்ப் பார்வையில் வையுங்கள். வடகிழக்கு மலையிலிருந்து இறங்கும் ஓடை பிளவை அடைந்ததும் சட்டென்று வலப்பக்கம் ஒடிந்து, பிளவோடு கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி திரும்பித் தென்மேற்கே போகிறது. அந்த இரண்டு ஒடிவுகளுக்கும் இடையே ரூலரைப் போடுங்கள்: சுமார் 130 மீட்டர். ஓடை வளையவில்லை. அதன் கீழ்ப்பாதி நின்றிருந்த நிலம் வடமேற்கே நகர்ந்துவிட்டது, ஓடை விட்டுக்கொடுக்காமல் கூடவே இழுபட்டது. இந்த ஒடிவு உண்டாக ஏறத்தாழ 3,700 ஆண்டு ஆனது என்று அங்கே பள்ளம் தோண்டி, கரித்துண்டுகளின் வயதைக் கணித்துக் கண்டிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 35 மில்லிமீட்டர். தட்டு நகர்வு வேகத்தை ஒரு மாணவர் தன் கையால் அளக்கக்கூடிய இடம் உலகில் அதிகமில்லை. வடமேற்கே இன்னும் தள்ளி, தலை இல்லாத ஒரு செத்த வாய்க்கால் பிளவிலிருந்து தொடங்குவதைத் தேடுங்கள். அது இதே ஓடையின் பழைய கால், இழுபட்டு இழுபட்டு ஒருகட்டத்தில் அறுந்துபோனது.

எங்கே உதவவே உதவாது

உயரத் தரவில் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு உயரம்தான் உண்டு. ஆகவே அடியில் வெற்றிடம் உள்ள எதையும் அதனால் வரைய முடியாது: குகை, கடல் வளைவு, தொங்கும் பாறை. திருமலைக்குப் போனவர்கள் பார்த்திருக்கும் சிலாதோரணம் இயற்கையான பாறை வளைவு. இந்த மென்பொருளில் அதன் இடத்தைச் சாய்த்துப் பார்த்தால் பாறை மேடுதான் கிடைக்கும், வளைவு கிடைக்காது. சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றங்களில் பாதி தரைக்கு அடியில் என்பதால் கார்ஸ்ட் பாடத்துக்கு இது பாதிதான் உதவும். செங்குத்துப் பாறைச் சுவர்கள் பல இடங்களில் உருகிய மெழுகு போல வழிந்து நிற்கும். பனியாறு குடைந்த யு வடிவப் பள்ளத்தாக்குகூட அகலம் குறைவாக இருந்தால் வி வடிவமாகவே காட்சி தரும். பனியாற்றுக்குக் குறுக்குவெட்டை விட்டுவிட்டு டைம்லாப்ஸைப் பிடியுங்கள்: அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு 1980-களிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி, தான் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் நுழைந்த ஒரு ஃபியோர்டைத் திறந்துவிட்டிருக்கிறது.

கடலடி இன்னும் மோசம். கடற்தரையில் கால் பங்கு அளவுதான் எதிரொலிக் கருவியால் நேராக அளக்கப்பட்டிருக்கிறது. மிச்சம் செயற்கைக்கோள் ஈர்ப்பு அளவீட்டிலிருந்து ஊகித்தது. அதனால் மங்கலான தரையில் திடீரென்று கூர்மையான நேர்கோடுகள் ஓடும். அவை கப்பல் போன தடங்கள். 2009-இல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலடியில் தெருக்கள் போல ஒரு கட்டம் தெரிந்தபோது கடலில் மூழ்கியதாகக் கதை சொல்லும் ‘அட்லாண்டிஸ்’ என்று செய்தியே வந்தது. அதுவும் கப்பல் தடம்தான். நம் பக்கம் குமரிக்கண்டத்தைத் தேடுபவர்களும் இந்தக் கோடுகளைச் சுட்டிக்காட்டாமல் இருப்பது நல்லது.

பாறை என்ன என்று இது சொல்லாது. ஒரு பொத்தை கிரானைட்டா சார்னோகைட்டா, ஒரு கரடு எந்தப் பக்கம் சாய்ந்த அடுக்கு என்பது நிறத்தை வைத்துச் சொல்ல முடியாத விஷயம். அதற்கு இந்தியாவில் இரண்டு இலவசத் துணைகள்: இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் பூகோஷ் தளத்தில் பாறை வரைபடம், இஸ்ரோவின் புவன் தளத்தில் 1:50,000 அளவில் நிலத்தோற்ற வரைபட அடுக்கு. எர்த் ப்ரோவில் நீங்கள் பார்த்துப் பெயர் வைத்ததை புவனில் சரிபாருங்கள். புவன் மெதுவாகத்தான் திறக்கும், பொறுமை வேண்டும். ஆனால் ‘பழைய ஆற்றுத்தடம்’, ‘கடற்கரை மணல்மேடு’ என்று துறை ஆட்கள் பிரித்துவைத்த எல்லைகள் அங்கேதான் இருக்கின்றன.

பார்த்த இடங்களைச் சேமிக்கும்போது ஒரு கோப்புறை போட்டு அதற்குள் குறிகளை வையுங்கள். கோப்புறையின் மேல் வலச்சொடுக்கு செய்து ‘சேவ் ப்ளேஸ் ஆஸ்’ கொடுத்தால் மொத்தமும் ஒரே கே.எம்.இசட். கோப்பாக வந்துவிடும், மாணவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். காலப் பட்டை திறந்திருக்கும் நிலையில் குறி இட்டால் அந்தத் தேதியும் சேர்ந்தே பதிவாகும், திறப்பவருக்கு அதே ஆண்டின் படம் வரும். பட்டையை மூடிவிட்டு இட்டால் எல்லோருக்கும் இன்றைய படம்தான் திறக்கும். வாக்ஸ் லேக்குக்கு மூன்று குறி வைத்தும் மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கேள்வி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.